277-ஐ யார் தாண்டுவார்?

2022 நவம்பர் 21 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் விஜய் ஹசாரே கோப்பை ஆட்டமொன்றில் தமிழ்நாட்டின் தொடக்க ஆட்டக்காரர் நாராயண் ஜெகதீசன், அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் எடுத்தார். 141 பந்துகள், 25 பவுண்டரி, 15 சிக்ஸர். சர்வதேச ஒருநாள் ஆட்டங்களும் உயர்மட்ட உள்நாட்டு ஒருநாள் ஆட்டங்களும் சேர்ந்த 'லிஸ்ட் ஏ' வகையில் அதுவரை உலகில் எவரும் அத்தனை ரன் எடுத்ததில்லை. கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த ஒருவர் உலகச் சாதனைப் பட்டியலின் முதல் வரியில் ஏறிய நாள் அது. அந்தத் தொடரில் அவர் தொடர்ந்து அடித்த ஐந்தாவது சதமும் அதுவே. சில நாட்களுக்கு முன்புதான் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவரை விடுவித்திருந்தது.

முந்தைய சாதனை இங்கிலாந்தின் அலிஸ்டர் பிரவுனுடையது. 2002-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் கிளாமார்கனுக்கு எதிராக சர்ரே அணிக்காக அவர் 268 ரன் எடுத்தார். சர்ரே 438 ரன் குவித்த பிறகும் கிளாமார்கன் 429 வரை துரத்தி வந்தது. வெறும் 9 ரன் வித்தியாசத்தில்தான் ஆட்டம் முடிந்தது. பெங்களூருவில் நடந்தது வேறு கதை. தமிழ்நாடு 2 விக்கெட்டுக்கு 506 ரன் எடுத்தது. எதிரணி 71 ரன்னில் சுருண்டது. வித்தியாசம் 435 ரன். மணிமாறன் சித்தார்த் 12 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார்.

இந்த வித்தியாசத்தைக் காட்டி 277-ஐக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அது நியாயமாகாது. அருணாசலத்தின் பந்துவீச்சு பலவீனமானது என்பது உண்மை. 2018-இல் இந்திய உள்நாட்டுப் போட்டிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒன்பது அணிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் புதிய அணிகளின் பந்துவீச்சை நாட்டின் எத்தனையோ பெரிய மட்டைகள் சந்தித்திருக்கின்றன. அவற்றில் எதுவும் அந்த எண்ணை எட்டவில்லை. முதல் நூறுக்கு ஜெகதீசன் எடுத்துக்கொண்டது 76 பந்து. அடுத்த நூறுக்கு 38. மீதி 77 ரன் 27 பந்தில் வந்தது. எளிய பந்துவீச்சு கிடைத்தால் ஐம்பதிலோ நூறிலோ அலட்சியமாக ஆடி வெளியேறுவதுதான் வழக்கம். நூறைத் தாண்டிய பிறகு வேகத்தை இரட்டிப்பாக்கும் பசி ஒருவரிடம் இருக்க வேண்டும். உடலும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும்.

தனிநபர் சாதனை என்று சொன்னாலும், அந்த எண்ணில் இன்னொருவர் பங்கும் உண்டு. எதிர்முனையில் நின்ற சாய் சுதர்சன் 102 பந்தில் 154 எடுத்தார். இருவரும் சேர்த்த 416 ரன் லிஸ்ட் ஏ ஆட்டங்களில் எந்த விக்கெட்டுக்கும் அதுவரை காணாத கூட்டணி. மறுமுனையில் விக்கெட் விழுந்துகொண்டே இருந்தால் புதிதாக வருபவர் நிலைகொள்ளும்வரை அடிப்பவரும் கையைக் கட்டிக்கொள்ள நேரிடும். சுதர்சன் அந்தத் தேவையே வராமல் பார்த்துக்கொண்டார். தொடக்க ஆட்டக்காரராக இறங்கியதும் முக்கியம். 50 ஓவர் என்றால் 300 பந்து; சரிபாதி கிடைத்தால் 150. நான்காவதாக இறங்குபவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் எட்டாது.

மைதானமும் கை கொடுத்தது. சின்னசாமியின் எல்லைக்கோடுகள் குறுகியவை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். தூக்கி அடித்த பந்துக்கு எதிர்ப்புக் குறைந்து, அது கூடுதல் தூரம் போகும். வீசிய பந்தின் ஸ்விங்கும் மட்டுப்படும். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள கொல்லிமலையில் பந்தாடும் பிள்ளைகளுக்கு முதல் பாதி இயல்பாகவே தெரிந்திருக்கும்: சமவெளியில் எல்லைக்கோட்டருகே பிடிபடும் அடி, மலையில் இன்னும் சற்றுத் தள்ளிப் போய் விழும்.

277 எத்தனை நாள் நிற்கும் என்பதற்கான விடை அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. ஜெகதீசன் ஆட்டமிழந்தது 42-ஆவது ஓவரில். எட்டு ஓவர் அளவுக்கு மீதம் இருந்தது. அதில் பாதிப் பந்துகளை அவரே சந்தித்து அதே வேகத்தில் அடித்திருந்தால் 300 எளிதாகக் கடந்திருக்கும். ஆகவே 300 என்பது கற்பனை எண் ஆகாது. 2025 ஜனவரியில் பெங்களூரு அருகே ஆலூரில், 19 வயதுக்குட்பட்ட மகளிர் ஒருநாள் போட்டியில் மும்பையின் ஐரா ஜாதவ் மேகாலயாவுக்கு எதிராக 157 பந்தில் ஆட்டமிழக்காமல் 346 எடுத்தார். அப்போது அவருக்கு வயது 14. அது லிஸ்ட் ஏ கணக்கில் சேராது. 50 ஓவருக்குள் ஒருவர் 300-ஐத் தாண்ட முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

2025 டிசம்பர் 24 அன்று ராஞ்சியில் பீகார் அணி அதே அருணாசலத்துக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 574 ரன் குவித்துத் தமிழ்நாட்டின் 506-ஐப் பின்னுக்குத் தள்ளியது. அந்த ஆட்டத்தில் வைபவ் சூர்யவன்ஷி எடுத்தது 84 பந்தில் 190. பந்துக்கு இரண்டு ரன்னுக்கும் மேல். பீகாரின் சமஸ்திபூரைச் சேர்ந்த இந்தச் சிறுவன் அதே ஆண்டு ஏப்ரலில், 14 வயதில், ஐபிஎல் ஆட்டத்தில் 35 பந்தில் சதம் அடித்தவர். அந்த ராஞ்சி ஆட்டத்தில் இன்னும் 45 பந்து நின்றிருந்தால் 277 அன்றே போயிருக்கும். இந்தச் சாதனையைத் தாண்டக்கூடியவர் என்று ஒரே ஒரு பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும். மும்பையின் ஆயுஷ் மாத்ரேயும் தொலைவில் இல்லை. 2024 டிசம்பர் 31 அன்று நாகாலாந்துக்கு எதிராக 117 பந்தில் 181 எடுத்தபோது அவருக்கு 17 வயது.

தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு ஓர் இடைஞ்சல் வந்திருக்கிறது. 2025-26 பருவத்தில் விஜய் ஹசாரே கோப்பையில் கீழ்நிலை ஆறு அணிகள் 'பிளேட்' என்ற தனிப் பிரிவாகப் பிரிக்கப்பட்டன. 2022-இல் தமிழ்நாடும் அருணாசலமும் ஒரே பிரிவில் இருந்ததால்தான் அந்த ஆட்டமே நடந்தது. புதிய ஏற்பாட்டில் மேல்நிலை அணிகள் லீக் சுற்றில் தங்களுக்கு ஈடான அணிகளோடு மட்டுமே மோதுகின்றன. பெரிய எண்கள் இனி பிளேட் பிரிவிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். பீகார் அதை முதல் நாளிலேயே காட்டிவிட்டது. இந்த ஏற்பாடு போட்டியின் தரத்துக்கு நல்லது. வளரும் அணிகளைச் சேர்ந்த பந்துவீச்சாளர்கள் 500 ரன் கொடுத்துக் கூனிக்குறுகி நிற்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

சர்வதேச ஒருநாள் ஆட்டத்துக்கு வருவோம். அதில் ஒருவர் எடுத்த மிக உயர்ந்த எண் என்ற சாதனையோடு சென்னைக்குப் பழைய உறவு உண்டு. 1997 மே 21 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன் எடுத்தார். 1984-இல் விவியன் ரிச்சர்ட்ஸ் அடித்த 189 அன்று முறியடிக்கப்பட்டது. எதிரணி வீரர் என்று பாராமல் சேப்பாக்கம் அவருக்குக் கைதட்டியது. 2009-இல் ஜிம்பாப்வேயின் சார்லஸ் கவன்ட்ரி 194-ஐச் சமன் செய்தார். 2010 பிப்ரவரி 24 அன்று குவாலியரில் சச்சின் டெண்டுல்கர் 200-ஐத் தொட்ட பிறகு தடை உடைந்தது. மறு ஆண்டே சேவாக் 219. 2014 நவம்பர் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் இலங்கைக்கு எதிராக ரோஹித் சர்மா 173 பந்தில் 264. அன்று 4 ரன்னில் இருந்தபோது அவர் கொடுத்த கேட்சை திசர பெரேரா தவறவிட்டார்.

2024 பிப்ரவரியில் இலங்கையின் பதும் நிசங்க அடித்ததுவரை ஆடவர் சர்வதேச ஒருநாள் ஆட்டங்களில் 12 இரட்டைச் சதங்கள் வந்திருக்கின்றன. ஏழு இந்தியருடையவை, அவற்றில் மூன்று ரோஹித் ஒருவருடையவை. கிளென் மேக்ஸ்வெல்லைத் தவிர மற்ற எல்லோரும் தொடக்க ஆட்டக்காரர்கள். இவற்றில் 264-ஐ உண்மையிலேயே அச்சுறுத்தியது 2022 டிசம்பரில் சட்டோகிராமில் இஷான் கிஷன் ஆடிய ஆட்டம். 131 பந்தில் 210 எடுத்து அவர் வெளியேறியபோது இன்னும் 14 ஓவருக்கு மேல் இருந்தது.

264 வந்த காலத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். 2011 முதல் ஒவ்வொரு முனையிலும் ஒரு புதிய பந்து என்று இரண்டு பந்துகள். அதனால் கடைசிவரை பந்து கெட்டியாகவே இருந்தது, ரிவர்ஸ் ஸ்விங் ஏறக்குறைய மறைந்தது. 2012 முதல் உள்வட்டத்துக்கு வெளியே கடைசிப் பத்து ஓவரிலும் நான்கு பேரே நிற்கலாம் என்ற கட்டுப்பாடு. ரோஹித் ஆடியது இந்த இரண்டும் சேர்ந்திருந்த காலத்தில். 2015-இல் கடைசிப் பத்து ஓவருக்கு ஐந்தாவது ஆளை வெளியே நிறுத்த அனுமதி வந்தது. 2025 ஜூலை முதல் 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்தால் வீச வேண்டும் என்றும் மாற்றினார்கள். பந்துவீச்சாளருக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. சர்வதேச அணிகள் ஆடும் ஒருநாள் ஆட்டங்களின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. ஆகவே 264, 277-ஐவிட நீண்ட காலம் நிற்கும் என்று கணிக்கலாம். சுப்மன் கில், யஷஸ்வி ஜெய்ஸ்வால், ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் ஆகியோருக்கு அதை எட்டும் கை இருக்கிறது. ஜெய்ஸ்வால் 17 வயதிலேயே மும்பைக்காக விஜய் ஹசாரே கோப்பையில் 203 எடுத்தவர்.

டெஸ்ட் ஆட்டத்தில் நிற்பது பிரையன் லாராவின் 400. 2004 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக 582 பந்தில் ஆட்டமிழக்காமல் எடுத்தது. அந்தத் தொடரை இங்கிலாந்து ஏற்கெனவே வென்றுவிட்டிருந்தது, லாராவே அணித்தலைவர். 'டிக்ளேர்' செய்யச் சொல்ல அவருக்கு மேலே யாரும் இல்லை.

இந்த இடத்தில் சேப்பாக்கம் மறுபடி வருகிறது. இந்தியர் அடித்த மூன்று டெஸ்ட் முச்சதங்களில் இரண்டு அங்கே வந்தவை. 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா 540 ரன் எடுத்திருந்தது. மூன்றாம் நாள் காலை சேவாக் 52 ரன்னோடு இறங்கினார். மாலையில் 309 ரன்னோடு திரும்பினார். ஒரே நாளில் 257. ஸ்டெய்ன், நிட்டினி, மார்னே மார்க்கல், காலிஸ் என்று உலகின் முதல்தர வேகப்பந்து வரிசை, மெட்ராஸ் வெயில், 278 பந்தில் 300. டெஸ்ட் வரலாற்றில் அதைவிட வேகமான முச்சதம் அதுவரை இல்லை. அன்றிரவு நகரம் முழுதும் பேச்சு 400 பற்றித்தான். மறுநாள் காலை 319-இல் நிட்டினியின் பந்தில் பிடி கொடுத்து வெளியேறினார். மூன்றாம் நாளின் அந்தச் சேவாக் இன்னும் இரண்டு மணி நேரம் நின்றிருந்தால் லாராவின் எண் சேப்பாக்கத்தில் வீழ்ந்திருக்கும். எதிரணியின் தரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்திய மண்ணில் ஆடப்பட்ட மிகச் சிறந்த பெரிய இன்னிங்ஸ் அதுதான்.

2016 டிசம்பரில் கருண் நாயர் ஐந்தாவதாக இறங்கி இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 எடுத்தபோது நடந்தது வேறு. தன் மூன்றாவது டெஸ்டிலேயே அவர் 300-ஐத் தொட்டதும் இந்தியா 759 ரன்னில் டிக்ளேர் செய்தது. மறுநாள் ஓர் இன்னிங்ஸ் 75 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த முடிவில் குறை காண இடமில்லை.

400-க்கு முதன்மையான தடை இந்த டிக்ளேர்தான். 1998-இல் பெஷாவரில் மார்க் டெய்லர் 334 ரன்னில் தன் இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டார். 2012-இல் சிட்னியில் மைக்கேல் கிளார்க் 329-இல் அதையே செய்தார். 2019-இல் அடிலெய்டில் டேவிட் வார்னர் 335-இல் நின்றபோது அணித்தலைவர் டிம் பெய்ன் அழைத்துக்கொண்டார். எல்லாவற்றையும்விட வியப்பானது 2025 ஜூலையில் புலவாயோவில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் வியான் முல்டர் ஜிம்பாப்வேக்கு எதிராக 334 பந்தில் 367 எடுத்திருந்தார். இரண்டாம் நாள் உணவு இடைவேளை. மூன்று நாளுக்கு மேல் மீதி. எதிரே களைத்துப்போன பந்துவீச்சு. அவரே தலைவர். 34 ரன்னில் உலகச் சாதனை இருந்தது. அவர் டிக்ளேர் செய்தார். அந்த இடம் லாராவுக்கே உரியது என்றார். வெற்றிக்கான நேரம் ஏராளமாக இருந்த நிலையில் அவர் தொடர்ந்திருந்தால் எந்தத் தவறும் இல்லை. ஆடுகளத்தில் ஒருவர் எடுக்கக்கூடிய ரன்னை எடுக்காமல் விடுவதால் முன்னோடிக்கு மரியாதை கூடிவிடாது. லாராவே ஒருகாலத்தில் சோபர்ஸின் 365-ஐத் தாண்டியவர்தான். அன்று சோபர்ஸ் மைதானத்துக்குள் வந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

டிக்ளேர் குறுக்கே வராமலும் 400 தப்பியதுண்டு. 2006 ஜூலையில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 624 ரன் சேர்த்தார்கள். சங்கக்கார 287-இல் போனார். மஹேல 374-இல் ஆண்ட்ரே நெல்லின் பந்தில் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். இன்றைய வேகத்தில் ஆடுகிறவர்களில் ஹாரி புரூக் முன்னிலையில் இருக்கிறார். 2024 அக்டோபரில் முல்தானில் 322 பந்தில் 317 எடுத்தவர் அவர். இந்த வேகம் இருந்தால் ஒன்றரை நாளில் 400 வந்துவிடும். வெற்றிக்கும் நேரம் மிஞ்சும். 2025-இல் பர்மிங்காமில் 269 எடுத்த கில் அணித்தலைவரும் ஆவார் என்பதால் அவர் பெயரையும் சேர்க்கலாம்.

முதல்தர ஆட்டத்தின் 501 இவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. 1994 ஜூன் 6 அன்று பர்மிங்காமில் டர்ஹாமுக்கு எதிராக வார்விக்ஷயருக்காக லாரா 427 பந்தில் அதை எடுத்தார். 12-இல் அவர் போல்டான பந்து நோபால். 18-இல் விக்கெட் கீப்பர் கேட்சைக் கோட்டைவிட்டார். மழையால் ஒரு நாள் போய், முடிவுக்கு வழியில்லாமல் கிடந்த ஆட்டம் அது. கடைசி நாளில் மட்டும் 390. 497-இல் நின்றபோது, ஆட்டம் அந்த ஓவரோடு முடிகிறது என்று எதிர்முனையில் இருந்த கீத் பைப்பர் சொன்னார். அடுத்த பந்து கவர் பக்கம் எல்லைக்கோட்டைத் தாண்டியது.

அதற்கு முந்தைய சாதனை ஹனீஃப் முகமதுவின் 499. 1959 ஜனவரியில் கராச்சியில் அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பந்துகள். ஹனீஃப் உண்மையில் 498-இல் இருந்தார். பலகை 496 என்று காட்டியது. அதனால் ஆட்டமுனையைத் தக்கவைக்க இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். இந்திய வரலாற்றில் அதைவிட வருத்தம் தருவது பி.பி. நிம்பால்கரின் கதை. 1948 டிசம்பரில் புனேயில் மகாராஷ்டிரத்துக்காக அவர் 443-இல் நின்றார். பிராட்மனின் 452-ஐத் தாண்ட இன்னும் 10 ரன் போதும். இடைவேளையில் எதிரணியான கத்தியவாரின் தலைவர், ராஜ்கோட் அரசர், டிக்ளேர் செய்யாவிட்டால் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார். சொன்னபடியே கிளம்பியும் விட்டார்கள். ஓர் இந்தியரின் மிக உயர்ந்த முதல்தர எண்ணாக இன்றும் அந்த 443 இருக்கிறது. நிம்பால்கர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை.

தமிழ்நாட்டின் கணக்கில் 1988-89-இல் கோவாவுக்கு எதிரான ஆட்டம் தனித்து நிற்கிறது. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிரிபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதங்கள் முதல்தர ஆட்டத்தில் அதற்கு முன் வந்ததில்லை. அணி 912 ரன் குவித்தது. 2024 ஜனவரியில் கோயம்புத்தூரில் சண்டிகருக்கு எதிராக 321 எடுத்து ராமனைத் தாண்டியவர் அதே ஜெகதீசன். 277-க்கு 141 பந்து, 321-க்கு 403 பந்து. வேகத்திலும் பொறுமையிலும் ஒரே மனிதர் இந்த உயரங்களை எட்டியது அரிது.

பெரிய எண் சாதனையாக நிலைக்க, எண்ணி எழுதுபவரும் வேண்டும். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை முதல் உடும்புவரை ஊடுருவிய செய்தி வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு இருப்பதால் நமக்குத் தெரிகிறது. கிரிக்கெட்டில் அந்த வேலையை இரு அணியின் ஸ்கோரர்கள் செய்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆட்டம், நடுவர், ஸ்கோரர் மூன்றும் இருந்தால்தான் எண் ஏட்டில் ஏறும். மலையிலும் அடிவாரத்திலும் ஆடப்படும் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் இவை எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய குறை பந்துக் கணக்கு. எட்டு ஓவர் ஆட்டம் என்றால் மொத்தமே 48 பந்து. எத்தனை திறமை இருந்தாலும் 150 பந்து நிற்பது எப்படி என்று அங்கே பழக முடியாது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்து சென்னை லீக் வழியாக இந்திய அணிவரை போனார். அவர் பந்துவீச்சாளர். யார்க்கரை எந்தத் தரையிலும் பழகலாம். மட்டைக்காரருக்குப் புல்தரை ஆடுகளமும், கெட்டிப் பந்தும், இரண்டு மூன்று நாள் நீளும் ஆட்டமும் சிறு வயதிலேயே கிடைக்க வேண்டும். ஜெகதீசனுக்குக் கோவையிலும் சுதர்சனுக்குச் சென்னையிலும் அது கிடைத்தது. சேலத்தை அடுத்த வாழப்பாடியில் 2020-இல் திறக்கப்பட்ட மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அங்கே பயிற்சிக்குப் போய்வருவது ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஆகிற காரியமில்லை. மலைமேலேயே ஒரு வலைப்பயிற்சிக் கூடம், வாரம் ஒருமுறையாவது முழுநாள் ஆட்டம், அதை எழுதிவைக்க ஒரு ஸ்கோரர்: இவை இருந்தால் வளப்பூர் நாட்டுப் பிள்ளையும் மாவட்ட அணித் தேர்வுக்குத் தன் ரன் கணக்கோடு போய் நிற்கலாம்.